ஆண்டின் சிறந்த பந்தயக் குதிரையைப் பிரிவு வாரியாக எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

காரைக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனும் இளங்காளை என்று தனித்தனியாகத்தானே ஓட விடுகிறோம்? கூட்டத்தின் சத்தத்துக்கு மிரண்டு, காதை விடைத்துக்கொண்டு நிற்கும் பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓட விட யாருக்கும் மனசு வராது.

அமெரிக்காவில் 1971 முதல் வழங்கப்படும் எக்லிப்ஸ் விருதிலும் இதே முறைதான். 2 வயது, 3 வயது, அதற்கு மேல் என்று பிரிப்பார்கள். ஆண், பெண் தனி. குறுந்தூர ஓட்டம், புல்தரை ஓட்டம், தடை தாண்டுதல் எல்லாம் தனி. அங்கே எந்த மாதம் பிறந்த குதிரையானாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். அதனால் 2 வயதுப் பிரிவில், மே மாதம் பிறந்த குட்டி பிப்ரவரியில் பிறந்ததோடு மோத வேண்டியிருக்கும். பாவம், அந்த வயதில் மூன்று மாதம் பெரிய வித்தியாசம்.

சரி, முடிவு யார் கையில்? பந்தயச் செய்தியாளர்களும் துறைசார்ந்தவர்களும் வாக்களிக்கிறார்கள். புள்ளிக் கணக்கு கிடையாது. 2010-இல் ஜென்யாட்டா என்ற பெண் குதிரை 6 பந்தயங்களில் 5-இல் வென்றது. கடைசியாக ஓடிய பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் மட்டும் பிளேம் என்ற ஆண் குதிரையிடம் ஒரு தலை அளவில் தோற்றது. மூத்த ஆண் பிரிவு விருது பிளேமுக்குப் போனது. எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ‘ஆண்டின் சிறந்த குதிரை’ விருதோ ஜென்யாட்டாவுக்கு! கடைசி இடத்திலிருந்து பாய்ந்து வந்த அந்த ஓட்டத்தைப் பார்த்த எனக்கு அது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது.