முந்திரிகைப் பந்தலில் இருந்து வைன் படிப்புக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம். உயிரியல் பிரிவில் ஏ.எல். எடுத்துவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறேன். அப்பா இரண்டு பரப்பில் முந்திரிகைப் (திராட்சை) பந்தல் வைத்திருக்கிறார். வைன் தயாரிப்பைப் படித்து அதையே தொழிலாக்க எனக்கு விருப்பம். அம்மா, ‘சாராயம் காய்ச்சவோ உன்னைப் படிப்பிச்சனான்?’ என்று ஏசுகிறா. கொழும்பில் வைன் சேர்டிபிகேட் கோர்ஸ் இருக்கிறதாம், அது போதுமா? ஜெர்மனியில் மாமா இருக்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

சேர்டிபிகேட் போதாது. லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.ரி. போன்ற கோர்ஸ்கள் வைனைச் சுவைத்து இனங்காணவும், பரிமாறவும், விற்கவும் பழக்குபவை. ஹோட்டல் வேலைக்கு நல்லது. வைன் செய்யப் போகிறவருக்கு வேண்டியது பாதி கமம், பாதி இரசாயனமும் நுண்ணுயிரியலும். அறுவடைக் காலத்தில் நாள் முழுக்கத் தாங்கி கழுவ வேண்டும். நொதிக்கும் தாங்கிக்குள் கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். சோதிக்காமல் இறங்கினால் உயிர் போய்விடும். படங்களில் காட்டும் கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் கடைசியில்தான் வரும்.

அம்மாவின் கோபத்தை விடுங்கள், சாராயம் வேறு. வைன் வடிப்பதில்லை, நொதிக்க வைப்பது. கள்ளுக்குத்தான் அது சொந்தம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு, இன்னும் விட்டுவைத்தால் புளித்துக் காடி. சுண்ணாம்பின் காரம் நொதிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. வைன்காரர் எதிர்ப்பக்கம் நின்று அதே வேலையைப் பார்க்கிறார்: புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 3.2இல் இருந்து 3.6 வரை வைத்திருந்து, கெட்ட பக்ரீரியாவை அண்டவிடாமல் ஈஸ்ற்றை மட்டும் வேலை செய்ய விடுகிறார். சீவல் தொழிலாளி கையால் அறிந்ததைத்தான் நீங்கள் மீற்றரால் அளக்கப் போகிறீர்கள்.

எங்கள் ஊருக்குச் சிக்கல் அந்தப் புளிப்பில்தான். இங்கே பந்தல்களில் அதிகம் காண்பது இஸ்ரேல் புளூ, சாப்பிடுகிற பழம். பதினாறு, பதினேழு பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சீனியின் அளவு) இனிப்பு வந்தாலே சந்தைக்குப் போய்விடும். வைனுக்கு 22 தொடக்கம் 24 வேண்டும், ஏனென்றால் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால்தான் ஒரு வீத மதுசாரம் வரும். சரி, பழத்தைக் கொடியிலேயே இன்னும் விட்டுவைக்கலாமே என்றால், எங்கள் இரவு குளிராது. சூட்டில் பழம் தனக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்க்கும். இனிப்பு ஏறுவதற்குள் புளிப்பு இறங்கி, வைன் சப்பென்று இருக்கும், கெதியில் பழுதாகியும் போகும்.

குளிர்நாட்டுக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். எங்களுடையது தூங்காது, நாங்கள் கத்தரித்துத்தான் புதிதாகத் துளிர்க்க வைக்கிறோம். இதை வைத்துத் தொழில் நடத்திக் காட்டிய இடம் மகாராஷ்டிராவின் நாசிக். ஏப்ரலில் ஒரு வெட்டு, ஒக்ரோபரை ஒட்டிப் பழத்துக்கு இன்னொரு வெட்டு, குளிர்காலம் முடிவதற்குள் அறுவடை. 1999இல் அங்கே தொடங்கிய சூலா இன்று பெரிய கம்பனி. ஆனால் நாசிக் 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவு நன்றாகக் குளிரும். அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. என்றாலும் பிரான்சின் வைன் ஊரான போர்தோவுக்கு ஆசைப்படுவதற்கு முன் நாசிக்கைப் பார்க்க வேண்டும் என்பேன்.

வேலை? இலங்கைக்குள் மிகக் குறைவு. தோலகட்டி ரோசரியன் துறவிகளின் வைனும் நெல்லி ரசமும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதுபோல இன்னும் பத்து இடம் இங்கே இல்லை. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வீட்டில் வாளி வைத்துப் பரிசோதிக்கப் போக வேண்டாம். ஆகவே கொடி வளர்ப்பைப் பிரதானமாகப் படியுங்கள். வைன் தொழில் சரிவராவிட்டாலும் பழத்தோட்டம் உங்களைக் கைவிடாது. கிளிநொச்சியில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் அதற்கு நல்ல முதற்படி. வைனை மேற்படிப்பில் பார்க்கலாம்.

மாமா இருப்பதால் கைசன்ஹைமைக் கவனியுங்கள். ரைன் நதிக்கரையில் 1872 முதல் கொடியும் வைனும் கற்பிக்கிற இடம். அங்கே முதற்பட்டம் ஜெர்மன் மொழியில்தான், பெறுபேறு வரும்வரை அந்த வகுப்புக்குப் போகலாம். அப்புறம், பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் ஒரு ரிஃப்ராக்ரோமீற்றர் வாங்கி, அப்பா கத்தரித்த நாள், பூத்த நாள், வாரத்துக்கொரு தடவை பழத்தின் பிரிக்ஸ் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப அதைவிட நல்ல தாள் உங்களிடம் இப்போது இருக்காது.