சூடு, வெக்கை, புழுக்கம்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருச்சி): வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அடுப்படிக்குக் கூட்டிப் போங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பமானி 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாது. தீ தருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே சரியாகப் போய்விடுகிறது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 100 கலோரி போதும். அதையே ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை அசையவில்லை. கொதி வந்ததும் கேஸைக் குறைக்கச் சொல்லும் அம்மாக்களுக்கு இது எப்போதோ தெரியும்.

கேள்வி: மே மாதம் வேலூரில் வெயில் சென்னையைவிட அதிகம். ஆனாலும் சென்னையில்தான் இருக்க முடியவில்லை. ஏன்?

பதில்: வேலூரில் அடிப்பது வெக்கை, சென்னையில் புழுக்கம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அது உலராமல் சட்டையை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி எடுக்கிறோமே, அதே புழுங்கல்தான்.

கேள்வி: பூச்சூடுவதற்கும் இந்தச் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இல்லை. அது அணிதல் என்ற பொருளில் வரும் தனி வினை. கொதிக்கிற சூடு 'சுடு' என்பதிலிருந்து வந்தது. கெடு, கேடு ஆன மாதிரி. துப்பாக்கிச் சூடும் அந்த வழிதான்.

கேள்வி: வன்னி நண்பர் ஒருவர் "சூடடிப்பு முடிஞ்சுது" என்கிறார். யாரை அடித்தார்கள்?

பதில்: யாரையும் இல்லை. ஈழத்தில் அறுத்துக் குவித்த நெற்கதிருக்குச் சூடு என்று பெயர். அதிலிருந்து நெல்லைப் பிரித்தெடுப்பது சூடடிப்பு. மாடு விட்டு மிதித்தால் சூடு மிதித்தல்.

கேள்வி: ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைப்பது?

பதில்: வேகமாக ஓடும்படி மீட்டரைத் திருத்துவது. இறங்கும்போது சூடு நமக்கு.

கேள்வி: உடம்பு சூடு என்கிறார் பாட்டி. வெப்பமானி 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்தான் காட்டுகிறது. எதை நம்ப?

பதில்: இரண்டையும். வெப்பமானி பார்ப்பது காய்ச்சலை; 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி சொல்வது கண் எரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு எல்லாம் சேர்ந்தது. இளநீர் குடியுங்கள், சரி. ஆனால் நீர்க்கடுப்பு ஓரிரு நாளில் தணியாவிட்டால் சூடு என்று சும்மா இருக்காதீர்கள், சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம். மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.