ஒத்துப் பேசும் கருவிகள்

அன்புள்ள ஐயா,

நாமக்கல்லில் நானும் இரண்டு நண்பர்களும் லாரி உரிமையாளர்களையும் சரக்கு அனுப்புகிறவர்களையும் இணைக்கும் செயலி நடத்துகிறோம். இப்போது 2,900 லாரிகளும் 100 அனுப்புநர்களும் இருக்கிறார்கள். பயனாளர் இரட்டிப்பானால் மதிப்பு நான்கு மடங்காகும் என்ற மெட்கால்ஃப் விதியை முதலீட்டாளருக்கான விளக்கத்தில் வைத்திருக்கிறோம். வண்டிக்கு 200 ரூபாய் கொடுத்து இன்னும் 3,000 லாரிகளைச் சேர்க்கலாமா? வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க நினைக்கிறேன். யாரும் விலகிவிடாதபடி இரு தரப்பு போன் எண்களையும் மறைத்திருக்கிறோம். சங்ககிரியில் எங்கள் அளவே உள்ள ஒரு செயலி லோடு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளக் கேட்டது, மறுத்துவிட்டோம். செயலிக்குத் தமிழ்ப் பெயர் வைத்தது தடையாகுமா என்றும் சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், நாமக்கல்

அன்புள்ள தம்பி,

பெயர் தமிழிலேயே இருக்கட்டும். பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள்.

3,000 பேரில் எவரும் எவரோடும் பேசலாம் என்றால் 44,98,500 இணைகள் வரும். மெட்கால்ஃப் எண்ணுவது இதைத்தான். உங்கள் செயலிக்கு ஒரு லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரரைத் தேடி வருவதில்லை. 2,900-ஐ 100-ஆல் பெருக்குங்கள்: 2,90,000. உங்கள் வலை இவ்வளவுதான். இதில் 3,000 லாரிகளை மட்டும் கொட்டினால் இணைகள் 5,90,000 ஆகும். ஆனால் லோடு கூடாது. வண்டி ஒன்றுக்குக் கிடைப்பது பாதியாகும். மூன்று முறை திறந்து வெறுங்கையோடு போனவர் நான்காம் முறை திறக்கமாட்டார். 6 லட்சம் ரூபாய் செலவழித்து, இருக்கிறவர்களையும் துரத்துவீர்கள். 200 அனுப்புநர்களைச் சேர்த்தாலே 8,70,000 இணைகள். அவர்களையும் ஒரே தடத்தில் சேருங்கள். கொச்சியில் முட்டை இறக்கிவிட்டு நிற்கிறவருக்குக் கொச்சியிலிருந்து ரிட்டர்ன் லோடு வேண்டும். சென்னையில் ஐம்பது அனுப்புநர்கள் இருந்து அவருக்கு என்ன பயன்?

கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. சங்ககிரிக்காரர்களை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்கால்ஃப் 1980 வாக்கில் ஒரு ஸ்லைடு காட்டிவந்தார். வலையின் செலவு நேர்கோடாக ஏறும், பயன் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும் என்பது அதன் செய்தி. விதி என்ற பெயரை அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் கில்டர் 1993-ல் கொடுத்தார். அந்த ஸ்லைடில் எண்ணப்பட்டவை ஒன்றோடொன்று ஒத்துப் பேசும் கருவிகள். எல்லோரும் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ‘ஒத்துப் பேசும்’ என்பதை விட்டுவிட்டார்கள். நீங்களும்தான்.

அமெரிக்கத் தொலைபேசி வரலாற்றைப் பாருங்கள். பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894-ல் காலாவதியானதும் ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் முளைத்தன. பெல் நிறுவனம் எட்டிப்பார்க்காத கிராமங்களில் விவசாயிகள் முள்வேலிக் கம்பியிலேயே பேசினார்கள். 1907-ல் நாட்டின் தொலைபேசிகளில் ஏறத்தாழ பாதி இவர்களிடம் இருந்தது. பெல் தன் இணைப்பகத்தை இவர்களோடு இணைக்க மறுத்தது. அதனால் பல ஊர்களில் மருத்துவரும் மளிகைக்கடைக்காரரும் இரண்டு தொலைபேசி வைத்து இரண்டு கட்டணம் கட்டினார்கள். மறுமுனையில் இணைப்பில்லாத தொலைபேசி உலகின் மிகப் பயனற்ற பொருள்களில் ஒன்று என்று பெல்லின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் தலைவர் தியோடர் வெய்ல் 1908 ஆண்டறிக்கையில் எழுதினார். எழுதியவருடைய நிறுவனம்தான் இணைப்பைத் தடுத்துக்கொண்டிருந்தது. அரசு நெருக்கியபின், 1913-ல், நீண்டதூர அழைப்புக்கு மட்டும் சிறு நிறுவனங்களை இணைக்க ஒப்புக்கொண்டார்கள். ஊருக்குள் இருந்த சுவர் அப்படியே நின்றது. 1921-ல் போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கச் சட்டமே வழிவிட்டது.

பெரிய வலை வைத்திருப்பவர் ஏன் மறுக்கிறார்? வர்க்க விதிப்படி 3,000 பேர் வலையும் 60,000 பேர் வலையும் இணைந்தால் இருவருக்கும் ஒரே அளவு லாபம்: 3,000-ஐ 60,000-ஆல் பெருக்கிய 18 கோடி அலகு. அது உண்மையானால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். எல்லா இணைப்பும் சம மதிப்புள்ளதல்ல என்பதால், எண்ணிக்கையை அதன் மடக்கையால் (லாகரிதம்) பெருக்குவதே பொருந்தும் என்று ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோவும் பெஞ்சமின் டில்லியும் வாதிட்டார்கள். இயல்மடக்கையில் போட்டுப் பாருங்கள். சிறியவருக்கு 9,134 அலகு கூடுகிறது, பெரியவருக்கு 2,927. சிறியவர் மூன்று மடங்கு பெறுகிறார். பெரியவர் கதவைச் சாத்துகிறார், அல்லது காசு கேட்கிறார். இருவரும் 3,000 என்றால் ஆளுக்கு 2,079. சரிசமம். உங்களையும் சங்ககிரியையும் போல. இந்தச் சமநிலை நெடுநாள் நீடிக்காது தம்பி. நாளை 60,000 பேரோடு ஒருவர் நாமக்கல்லுக்குள் வந்தால், நீங்கள் போய்த் தட்டுவீர்கள், அவர் திறக்கமாட்டார்.

நம் ஊரிலேயே பாருங்கள். முன்பு பணப்பை (வாலட்) செயலிகளில் போட்ட பணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாமல் கிடந்தது. 2016-ல் வந்த யுபிஐ, எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் போகலாம் என்றது. இன்று டீக்கடையில் ஒட்டிய ஒரு க்யூஆரை எந்தச் செயலியாலும் படிக்கலாம்.

ஆகவே சங்ககிரிக்குப் போங்கள். பகிரவேண்டியது வாடிக்கையாளர் பட்டியல் இல்லை, லோடு மட்டும்: ஏற்றுமிடம், இறக்குமிடம், டன், எத்தனை சக்கர வண்டி, ஓப்பன் பாடியா கண்டெய்னரா, தேதி, வாடகை, அட்வான்ஸ். ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பின்கோடு கட்டாயமாக்குங்கள். ஒரு லோடுக்கு இரு செயலியிலும் ஒரே எண் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே லோடுக்கு இரண்டு வண்டிகள் வந்து நிற்கும், ஒருவர் டீசல் நஷ்டத்தோடு திரும்புவார், பிறகு இரண்டு செயலியையும் நீக்குவார். ஒருவர் எடுத்ததும் மறுபக்கம் உடனே பூட்டவேண்டும். ரத்தானால் உடனே திறக்கவேண்டும். லோடு ஒரு பக்கம், வண்டி மறுபக்கம் என்றால் கமிஷனை எப்படிப் பிரிப்பது என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணை மறைப்பதையும் எடுத்துவிடுங்கள். சரக்கு ஏற்றும் இடத்திலேயே எண் கைமாறிவிடும்; நீங்கள் தடுப்பது, வழியில் வண்டி பழுதாகி நிற்கும் டிரைவர் அனுப்புநரை அழைப்பதை மட்டும்தான். ஆட்கள் தங்கவேண்டுமா, பாக்கி வாடகை இறக்கிய மூன்றாம் நாள் கிடைக்கும் என்று உத்தரவாதம் கொடுங்கள். ஹால்டிங் தகராறில், அதாவது வண்டி காத்துக்கிடந்ததற்கான காசுச் சண்டையில், நடுவில் நில்லுங்கள்.

முதலீட்டாளரிடம் மெட்கால்ஃப் வளைகோட்டைக் காட்டாதீர்கள். கொச்சித் தடத்தில் போன வாரம் எத்தனை வண்டிகள் ரிட்டர்ன் லோடு கேட்டன, எத்தனைக்குக் கிடைத்தது என்ற இரண்டு எண்களை மட்டும் போடுங்கள்.