ரோல் கணக்கில் வைக்கோல் வாங்குவோர் கவனத்துக்கு

கேள்வி: ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். டெல்டாவிலிருந்து தரகர் மூலம் வாங்கும், இயந்திரம் உருளையாகக் கட்டிய வைக்கோல் ரோல் சென்ற ஆண்டு 120 ரூபாய், இப்போது 150 ரூபாய். ரோலும் இலேசாகிவிட்டது போலத் தெரிகிறது. இது நியாயமா? எங்கே புகார் செய்வது? (தாராபுரம் வாசகர்)

பதில்: விலை உயர்வுக்காகப் புகார் செய்ய இடமில்லை. விலையைக் கட்டுப்படுத்த அரசுக்கு இடம் தரும் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் கால்நடைத் தீவனம் இடம்பெற்றிருந்தது. 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலில் தீவனப் பயிரின் விதை இருக்கிறது, தீவனம் இல்லை. விதையைத் தின்றே மாடு பால் கொடுத்துவிடும் என்று எண்ணினார்களோ என்னவோ!

ஆனால் ரோல் இலேசாகிவிட்டது என்று தாங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெரிய இழப்பு அங்கேதான் இருக்கிறது. சென்ற ஆண்டு ரோல் 20 கிலோ இருந்ததாகக் கொண்டால் கிலோ 6 ரூபாய். இப்போது அது 15 கிலோதான் என்றால் கிலோ 10 ரூபாய். அந்த 15 கிலோவிலும் கால் பங்கு ஈரமாக இருந்தால், மாட்டின் வயிற்றுக்குப் போகும் உலர்ந்த வைக்கோல் பதினொன்றேகால் கிலோதான். ஒரு ரோலைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ பூஞ்சை வாடையுடனோ இருந்தால் அது எந்த விலைக்கும் வேண்டாம், ஏனெனில் பூஞ்சை நஞ்சு பால் வரைக்கும் வரும்.

எண்ணிக்கையில் விற்பது குற்றமன்று. ஆனால் எடை பேசி விற்றுவிட்டுக் குறைத்துக் கொடுப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி குற்றம்; தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆகவே கிலோ விலை பேசுங்கள். தரகர்கள் இதற்கு எளிதில் இணங்கமாட்டார்கள். இணங்கினாலும் அவர்களுக்குப் பழக்கமான எடைமேடைக்கே வண்டியை விடுவார்கள். காலி வண்டியின் எடை என்று என்றைக்கோ போட்ட சீட்டைக் காட்டுவார்கள், பாரத்தோடு எடை போடும்போது ஓட்டுநரும் இரண்டு ஆட்களும் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். மேடையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, பாரத்தோடு ஒரு முறையும் இறக்கிய பின் ஒரு முறையும் எடை போடுங்கள். தை மாதத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு, பங்குனியில் போன வருஷத்துப் பழைய வைக்கோலைக் கலந்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எடைப் பேச்சுக்கு ஒரு விலக்கு உண்டு. சம்பா அறுவடையின்போது விவசாயியிடமே ஏக்கர் கணக்கில் வயலோடு பேசி வாங்கினால், எடை குறைந்தது என்று அவரிடம் கேட்க முடியாது. கேட்பது நியாயமும் அன்று. நெல் எந்த ரகம், எவ்வளவு உயரம் வளர்ந்தது, அறுவடை இயந்திரம் எவ்வளவு தாளை நிலத்திலேயே விட்டுச் சென்றது, அறுத்த பின் மழை பெய்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்த விலை பேசப்படுகிறது; இவற்றைக் கவனிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. ரோல் கட்டும் கூலியும் தங்களுடையதே. ரோலுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், இயந்திரக்காரர் தளரக் கட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான் அவருக்கு இலாபம். எனவே கட்டும்போது தாங்களோ தங்கள் ஆளோ வயலில் நிற்க வேண்டும், முதல் சில ரோல்களை அங்கேயே ஒரு தராசில் நிறுத்துப் பார்த்து, இறுக்கம் போதாதென்றால் அப்போதே சொல்ல வேண்டும். இத்தனையும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

தரகரிடமே வாங்குவதானால், தேதி, வண்டி எண், மொத்த எடை, கிலோ விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாள் இல்லாமல் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனால், "பில் எங்கே?" என்ற கேள்வியோடு மனு அன்றே முடிந்துவிடும். வைக்கோல் வியாபாரத்தில் பில் கிடைக்காது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.