செருப்பைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் கல்லூரித் தோழியின் பங்குக் கோயில் இளைஞர் குழு, ஜனவரி கடைசி ஞாயிறு அன்று சேவை நாளாகத் தொழுநோயாளர் இல்லம் ஒன்றுக்குப் போகிறது. என்னையும் அழைக்கிறாள். நான் இந்து. போகலாமா? நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டி அழுகிறார். ஒரே ஒரு நாள் போய் என்ன பயன் என்றும் தோன்றுகிறது.
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: போங்கள். பாட்டியின் மீது கோபப்பட வேண்டாம். அவர் சிறுமியாக இருந்த காலத்தில், நோய் கண்டவரை ஊரே துரத்தியது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க 1898-லேயே ஒரு சட்டம் இருந்தது. நாடாளுமன்றம் அதை 2016-ல்தான் நீக்கியது. சட்டத்துக்கே அத்தனை காலம் பிடித்திருக்கிறது, பாட்டியின் பயம் ஒரே நாளில் போய்விடுமா?

அவர் அருகில் உட்கார்ந்து சொல்லுங்கள். மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. 1980-களில் வந்த கூட்டு மருந்து, ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோயைக் குணமாக்கிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். நீங்கள் சந்திக்கப்போகும் முதியவர்களில் பலர் எப்போதோ குணமானவர்கள். கிருமி போய்விட்டது. அது அழித்த நரம்புதான் திரும்பவில்லை.

அந்த நரம்பைப் பற்றி எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கம் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் பங்கு இளைஞர்களோடு இப்படி ஒரு சேவை நாளுக்குப் போனேன். ரொட்டிப் பாக்கெட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தோம். ஒருவர் நடந்துவந்த வழியெல்லாம் சிமெண்ட் தரையில் ரத்தப் பொட்டு. அவரை உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். தேய்ந்துபோன அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி மேலே நின்றது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். ரொட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வலிக்கவே இல்லை அவருக்கு.

விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட்தான், உணர்வில்லாத கைகால்களில் தெரியாமல் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். பயிற்சிக் காலத்தில் இதை நான் படித்திருந்தேன். புரிந்தது அந்த ஆணியைப் பிடுங்கியபோதுதான். அன்றிலிருந்து எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் செருப்புகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நீங்களும் அதையே செய்யுங்கள். பிறகு இல்லத்துப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு பாதங்களைக் கவனியுங்கள். ஒரு வாளி சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது, சூடு அவர்களுக்குத் தெரியாது. பாதத்தில் தடித்த காய்ப்பைப் பணியாளர் சொல்லித்தரும் விதத்தில் கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புண் இருந்தால் நீங்கள் தொடாமல் பணியாளரை அழையுங்கள். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் சடங்கைக் குழந்தையிலிருந்து கோயிலில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சடங்கின் பொருள் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

நீங்கள் இந்து என்பதால் ஒரு தடையும் இல்லை. திருப்பலி நேரத்தில் உள்ளே அமர்ந்திருக்கலாம், வெளியே வாளிகளில் தண்ணீர் நிரப்பலாம். நான் போன இல்லங்களில் ஒரு கட்டிலின் தலைமாட்டில் மாதா படம் இருக்கும், அடுத்த கட்டிலில் முருகன் படம் இருக்கும்.

ஒரு நாளால் என்ன பயன் என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது. தேய்த்த காய்ப்பு சில வாரங்களில் மறுபடியும் தடித்துவிடும். ஆகவே யார் காலை ஊறவைத்தீர்களோ அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் தோழியோடு மீண்டும் அவரிடமே போங்கள்.

கேள்வி: எங்கள் பங்கிலிருந்து நாற்பது பேர் இதே போன்ற சேவை நாளுக்குப் போகிறோம். என்ன வாங்கிப் போகலாம்? படம் எடுக்கலாமா?
– இளைஞர் குழுப் பொறுப்பாளர், திண்டிவனம்

பதில்: நாற்பது பேர் மிக அதிகம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போலாகிவிடும். பதினைந்து பேர் போங்கள். மற்றவர்களுக்குத் தவக்காலத்தில் வேறொரு நாள் குறியுங்கள்.

வாங்கும் முன் இல்லத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். போர்வை கிறிஸ்துமஸுக்கே குவிந்திருக்கும். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உணர்வில்லாத பாதங்களுக்கான மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு, எத்தனை ஜோடி, என்னென்ன அளவில் வேண்டும் என்று விசாரியுங்கள். ஆணி அடிக்காமல், ஒட்டியோ தைத்தோ செய்ததாக இருக்க வேண்டும்.

படம் வேண்டாம். அவர்களில் சிலருடைய பேத்திகளுக்கு, தாத்தா இருக்கும் இடத்தைச் சொல்லாமல்தான் கல்யாணம் நடந்திருக்கிறது. ஒரே ஒரு படம் அந்த வீட்டைக் கலைத்துவிடும்.

இன்னொன்று. பொட்டலம் கட்டிவந்து வேனில் உட்கார்ந்து சாப்பிட்ட குழுவை நான் பார்த்திருக்கிறேன். திண்ணையிலிருந்து ஒரு பாட்டி அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சமையலறையில் சமைத்ததை, அவர்கள் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். போகும்போது தடித்த துணியில் டம்ளர் உறை நாலைந்து தைத்துக் கொண்டுபோங்கள், அவர்கள் கை சுடாமல் இருக்கும்.