வாசகர் கேள்வி – பதில்: அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள்

கேள்வி: சொந்த ஊர் திருச்சி, படித்தது கணக்கு. இப்போது நியூ மெக்சிகோவில் ஒரு பழங்குடி அரசின் (அந்த மக்கள் தங்களுக்கென்று நடத்தும் அரசு) குடும்ப வன்முறை உதவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அமெரிக்க நீதித் துறை தரும் மானியத்துக்கு ஆறு மாத அறிக்கை ஜூலை 30-க்குள் போக வேண்டும், அதை நான்தான் தயாரிக்க வேண்டும். பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் 'உதவி கிடைக்காதவர்கள்' என்ற கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்தான். நானும் அப்படியே போட்டுவிடட்டுமா? யாரை எப்படி எண்ணுவது என்பதே குழப்பமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, ஆல்பகர்க்கி

பதில்: போடாதீர்கள். நான் சொல்ல வருவதில் பாதி இதுதான், மீதியைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

இந்த அறிக்கை வேலையில் எட்டு வருஷம் இருந்தவள் நான். முதன்முதலில் ஒரு சின்னக் காப்பகத்துக்குப் போனபோது, அங்கே வெகுகாலமாக வேலை பார்த்த ஒரு அம்மா தன் கணக்கு நோட்டைக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கோடு போட்ட நோட்டு. வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பென்சிலால் ஒரு கோடு, நான்கு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. இது என்னம்மா என்று கேட்டேன். "அதெல்லாம் போன் பண்ணினவங்க, படுக்கை இல்லைன்னு சொல்லிட்டோம்" என்றார். அறிக்கையில் இவர்களைக் காணோமே என்றால், "அவங்களுக்குத்தான் நாங்க ஒண்ணுமே செய்யலையே, எப்படி எழுதுறது?" என்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார், அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. உட்கார்ந்து எண்ணினோம். புள்ளிகள் கோடுகளில் பாதிக்கு வந்தன. அத்தனை பேரும் அந்த ஊரில் இல்லவே இல்லை என்கிற மாதிரி, அறிக்கை வருஷக்கணக்காகப் பூஜ்யம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, எண்ணும் முறைக்கு வருகிறேன். படிவம் உதவி கேட்டு வந்தவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: கேட்டது எல்லாம் கிடைத்தவர்கள், கொஞ்சம் கிடைத்துக் கொஞ்சம் கிடைக்காதவர்கள், எதுவுமே கிடைக்காதவர்கள். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த மூன்றுமே உங்கள் மானியப் பணத்தில் நடக்கும் சேவைகளை மட்டும் வைத்துத்தான். ஒரு பெண் தங்க இடமும் விவாகரத்துக்கு வக்கீலும் கேட்கிறாள், உங்கள் மானியத்தில் வக்கீல் செலவுக்குப் பணமே இல்லை, இடம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவள் முதல் கட்டத்தில்தான் வருவாள். வக்கீல் இல்லாத குறையை அறிக்கையின் பின்பகுதியில் 'இன்னும் தீராத தேவைகள்' என்று கேட்கும் இடத்தில் எழுத வேண்டும், எழுதாமல் விட்டுவிடக் கூடாது. இடம் கொடுப்பது உங்கள் மானியத்தில் இருந்து, அன்றைக்குக் கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால், அவள் மூன்றாவது கட்டம். ஏன் முடியவில்லை என்று காரணமும் கேட்பார்கள். போக்குவரத்து இல்லை, ஆள் போதவில்லை, வேலை நேரம் ஒத்துவரவில்லை, மொழி தெரிந்தவர் இல்லை என்று எது உண்மையோ அதைக் குறியுங்கள்.

ஒரே ஆள் பிப்ரவரியில் வந்து, வீட்டுக்குத் திரும்பிப் போய், மே மாதம் மறுபடி வந்தால் அந்த ஆறு மாதத்துக்கு ஒருத்திதான். அவளே செப்டம்பரில் வந்தால் அடுத்த அறிக்கையில், அதாவது ஜனவரி 30-க்குள் போவதில், மறுபடி ஒருத்தி. கூட வந்த பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அம்மாவோடு சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். பாதிச் சம்பளம் மட்டும் இந்த மானியத்திலிருந்து வாங்கும் ஊழியரை அரை ஆள் என்றே காட்டுங்கள்.

பூஜ்யம் போடுகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. 'முடியவில்லை' என்று எழுதினால் அடுத்த தடவை பணம் வராதோ என்று. ஆனால் இந்த அறிக்கைகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். மேய்ன் மாநிலத்தில் தெற்கு மேய்ன் பல்கலைக்கழகத்தின் மஸ்கி பள்ளி இவற்றை வாங்கிக் கூட்டித் தொகுக்கிறது, 2001 முதல் அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்தத் தொகுப்புதான் நாடாளுமன்றத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போகும் அறிக்கைக்கு ஆதாரம். எத்தனை பேருக்கு உதவ முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதும் அதில் வருகிறது. எல்லாப் பழங்குடி அமைப்புகளும் பூஜ்யம் போட்டால், வாஷிங்டனில் உட்கார்ந்து படிக்கிறவர் என்ன நினைப்பார்? இருக்கிற பணமே போதும் என்றுதான் நினைப்பார்.

ஆகவே போனுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். பெயர் வேண்டாம். தேதி, என்ன கேட்டார், ஏன் முடியவில்லை, அவ்வளவு போதும். ஜூன் கடைசியில் நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டுவிட்டால் அந்தப் புள்ளிகள் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: எங்கள் பழங்குடி மன்ற உறுப்பினர் ஒருவர், "பணம் மன்றத்தின் பெயரில்தான் வருகிறது, யார் யாருக்குச் செலவு செய்தீர்கள் என்று பட்டியல் கொடு" என்கிறார். நிதிப் பிரிவும், பெண்களை நாங்கள் தங்கவைக்கும் மோட்டல் (சாலையோர விடுதி) ரசீதில் தங்கியவர் பெயர் வேண்டும் என்று நிற்கிறது. வயதில் மூத்தவர்கள், எதிர்த்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, அரிசோனா

பதில்: கொடுக்கக் கூடாது. இதில் நெளிவு சுளிவே கிடையாது. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம், அந்தப் பெண் எழுத்தில் ஒப்புதல் தராமல் அவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியே விடக் கூடாது என்கிறது. அந்த ஒப்புதலும் விஷயம் தெரிந்து, இவ்வளவு காலத்துக்கு என்று வரையறுத்துத் தந்ததாக இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டால்தான் உதவி என்று சொல்லி வாங்கவும் கூடாது. மானியம் வாங்குவது மன்றமே ஆனாலும், உங்கள் பிரிவுக்கு வெளியே இருக்கிற மற்றப் பிரிவுகளும் இந்த விஷயத்தில் வெளியாட்கள்தான். கூட்டுத் தொகையாகக் கொடுக்கத் தடை இல்லை.

இந்த விதி சின்ன ஊர்களுக்கு ஏன் உயிர் போகிற விஷயம் என்றால், அங்கே எண்ணே பெயராகிவிடும். முந்நூறு பேர் இருக்கும் கிராமத்தில், 'அறுபது வயதுக்கு மேல் ஒருவர், மாற்றுத்திறனாளி' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் படித்தால் போதும், அது யார் என்று டீ ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அடித்தவனின் சித்தப்பா மன்றத்தில் இருக்கலாம், அவன் தங்கை நிதிப் பிரிவில் இருக்கலாம். பெயர், விலாசம் மட்டுமல்ல, பிறந்த தேதி, இனம், மதம் போன்றவற்றால் ஒருவரை அடையாளம் காண முடியுமானால் அதுவும் அடையாளத் தகவல்தான் என்று சட்டமே சொல்கிறது. அதனால் மன்றக் கூட்டத்தில் முழுப் படிவத்தையும் நகல் எடுத்து விநியோகிக்காதீர்கள். மொத்தம் இத்தனை பேர், இத்தனை இரவுகள், இவ்வளவு செலவு என்று ஒரே தாளில் கொடுங்கள். விவரித்து எழுதும் பகுதியில் 'ஒரு பெண்ணின் கதை' என்று ஆரம்பிக்கவே வேண்டாம், பெயரை மாற்றிவிட்டோம் என்பதெல்லாம் அவ்வளவு சின்ன ஊரில் செல்லாது.

மோட்டல் விஷயத்துக்கு நாங்கள் செய்த வழி இது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அந்த எண் யாருடையது என்ற தாள் உங்கள் பிரிவின் பூட்டிய அலமாரியில் மட்டும். மோட்டலிடம் முன்கூட்டியே பேசி அமைப்பின் பேரில் அறை எடுங்கள், ரசீதில் எண் மட்டும் வரட்டும். நிதிப் பிரிவுக்குத் தேதி, எத்தனை இரவு, தொகை, உங்கள் மேலாளர் கையெழுத்து. பெரியவரிடம் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "பெயர் கொடுத்தால் மானிய விதியை மீறியவர்கள் என்று நம் மன்றத்தின் மேல்தான் வரும் ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான்.

கேள்வி: பழங்குடிகளுக்கு மட்டும் ஏன் தனி மானியம்? மாநிலங்களுக்குக் கொடுப்பதிலேயே அவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஆகாதா? அங்கே நூற்றுக்கு 84 பெண்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று படித்தேன், நம்பவே முடியவில்லை.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: எண்ணிக்கை சரிதான். நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, 2010-இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பை வைத்து எழுதியது. அமெரிக்கப் பழங்குடி, அலாஸ்காப் பழங்குடிப் பெண்களில் 84.3 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒருவித வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இதில் மனரீதியான கொடுமை, பின்தொடர்ந்து தொல்லை தருவது எல்லாம் அடக்கம். துணையிடம் அடி உதை பட்டவர்கள் என்று தனியே பார்த்தால் 55.5 சதவீதம். என்னை இதைவிட உலுக்கியது இன்னொரு விவரம். பாதிக்கப்பட்ட அந்தப் பெண்களில் 97 சதவீதம் பேருக்கு, கொடுமை செய்தவர்களில் குறைந்தது ஒருவராவது வேறு இனத்தவர்.

இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவில் மத்திய அரசு அங்கீகரித்த 570-க்கும் மேற்பட்ட பழங்குடிகள் தங்களுக்கென்று அரசு நடத்துகிறார்கள், பலருக்குச் சொந்தப் போலீஸ், சொந்த நீதிமன்றம் உண்டு. ஆனால் 1978-இல் ஆலிஃபன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடி அல்லாதவர் மேல் பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. தன் மண்ணில், தன் வீட்டில், ஒரு பெண்ணை அடித்தவனை அவளுடைய நீதிமன்றமே தொட முடியாது. 35 வருஷம் அப்படியே ஓடியது. 2013-இல், மேலே சொன்ன வன்முறைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, குடும்ப வன்முறைக்கு மட்டும் அந்த அதிகாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், 2022-இல் பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான வன்முறை என்று இன்னும் விரித்தார்கள். தனி மானியத் திட்டம் அதே சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. மாநிலம் வழியாகப் பணம் வந்தால் மாநிலம்தான் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும். நேரடியாக வந்தால், தன்னாட்சி உள்ள ஒரு அரசு தன் மக்களுக்குத் தானே செய்கிறது.

கேள்வி: எங்கள் காப்பகத்தில் வாரம் ஒருநாள் பெண்கள் உட்கார்ந்து மணி கோத்துத் தைப்பார்கள். வாயே திறக்காதவர்கள் கூட மூன்றாவது வாரம் பேச ஆரம்பிக்கிறார்கள். படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை, நேரத்தை வீணாக்குவதாக மேலே ஒருவர் சொல்கிறார்.
— ஒரு வாசகி, மினசோட்டா

பதில்: அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தெற்கு டகோட்டா மாநிலத்தில் ரோஸ்பட் என்ற பழங்குடிப் பகுதியில் டில்லி பிளாக் பேர் முதலான பெண்கள் 1977-இல் வெள்ளை எருமைக் கன்றுப் பெண் சங்கத்தை ஆரம்பித்தபோது இந்தப் படிவம் எதுவும் கிடையாது. தங்கள் முறையில் பெண்களைப் பார்த்துக்கொண்டார்கள், அதிலிருந்துதான் பழங்குடி நிலத்தின் ஆரம்பகாலக் காப்பகங்களில் ஒன்று வந்தது. படிவத்தில் ஆதரவுக் குழு, பண்பாடு சார்ந்த சேவை என்று உங்களுக்குப் பொருந்தும் இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்புறம், 'இந்தப் பணம் இல்லாவிட்டால் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறீர்கள்' என்று கேட்கும் பகுதி இருக்கிறதல்லவா, அங்கே நன்றாக விரித்து எழுதுங்கள். எத்தனை வாரம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், அதற்குப் பிறகு எத்தனை பேர் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பற்றியோ வீடு பற்றியோ கேட்டார்கள் என்பதைச் சேர்த்து எழுதினால் யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

சுகாதாரத் துறையின் பணமும் உங்களுக்கு வருகிறதென்றால், அதாவது 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடிகளுக்கென்று ஒதுக்கும் 10 சதவீதத்திலிருந்து, அதற்கு வருஷம் ஒரு அறிக்கை தனியே உண்டு. அதில் பெண்களிடமே இரண்டு விஷயம் கேட்கச் சொல்கிறார்கள்: பாதுகாப்பாக இருக்க இன்னும் சில வழிகள் தெரிந்ததா, உதவி கிடைக்கும் இடங்கள் முன்பைவிட அதிகம் தெரியுமா. எனக்கு மிகப் பிடித்த கேள்விகள் இவை. அவனை விட்டு வந்துவிட்டாயா என்று கேட்கவில்லை பாருங்கள்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் பழங்குடித் தோழி கையில் காயத்தோடு வருகிறாள். உதவி கேட்கச் சொன்னால், "எங்கேயாவது என் பேரை எழுதி அரசுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று பயப்படுகிறாள். அனுப்புவார்களா?
— ஒரு வாசகி, ஓக்லஹோமா

பதில்: மாட்டார்கள். மேலே நான் எழுதியது முழுக்க எண்களைப் பற்றி, அவள் பெயர் எந்த அறிக்கையிலும் போகாது. ஸ்ட்ராங்ஹார்ட்ஸ் என்று பழங்குடிகளே நடத்தும் உதவி எண் 2017 முதல் இருக்கிறது, 1-844-762-8483, இலவசம், பெயர் சொல்லாமலே பேசலாம். அங்கே பேசுபவரை அட்வகேட் என்பார்கள், வக்கீல் என்று நினைத்து அவள் பயந்துவிடப் போகிறாள், பக்கத்தில் நின்று பேசிக் கேட்கிற ஆள் என்று சொல்லுங்கள். அவள் போனை அவன் எடுத்துப் பார்ப்பான் என்றால், மதிய இடைவேளையில் உங்கள் போனைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.