சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் நாலு நாள் வீட்டில் இல்லையென்றால் காளான் கொட்டிலின் சூட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி இதுதான்: வன்னியில் மாங்குளம் பக்கம் தகரக் கூரைக் கொட்டிலில் 60 சிப்பிக் காளான் பைகள். ஆடி மாதம் நாலு நாள் கொழும்பில் நிற்க வேண்டும். மத்தியானம் உள்ளே 36 பாகை காட்டுகிறது. ஏசி பூட்டலாமா, தானாகத் தண்ணி விடுகிற ஏதாவது செய்யலாமா?

ஏசி வேண்டாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். ஒரு மத்தியானம் கரண்ட் போனால், அடைத்து மூடிய கொட்டில் போறணையாகிவிடும். எதைப் பூட்டுவது என்று யோசிக்க முதல் பைகளின் வயதைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

வித்துப் போட்டு முதல் இரண்டு கிழமைக்குள் இருக்கிற பைக்குத்தான் பயப்பட வேண்டும். வெள்ளை நூல் போன்ற காளான் இழை மரத்தூளைத் தின்றபடி பரவும்போது தானே சூடு விடும். பையின் நடுப்பகுதி வெளிக்காற்றை விட 2 முதல் 5 பாகை வரை கூட நிற்கும். ஆகவே கப்பில் தொங்குகிற வெப்பமானி 34 காட்டினால் பைக்குள் 38 இருக்கலாம். 40ஐத் தொட்டால் சிப்பிக் காளான் இழை சாகத் தொடங்கும், அதற்கு முன்னமே பச்சைப் பூசணம் இடம் பிடித்துவிடும். பயணத்துக்கு முந்திய இரண்டு கிழமைக்குள் புதுப் பை போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அவற்றைக் கொட்டிலில் விடாமல் வீட்டுக்குள் குளிர்ந்த சீமெந்துத் தரைக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், பைக்குப் பை நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒரு பையை மட்டும் பலி கொடுத்து, கம்பி முனையுள்ள வெப்பமானியை அதன் நடுவில் குத்திப் பாருங்கள். கொட்டிலில் எவ்வளவு என்பதை விட அந்த எண்தான் முக்கியம்.

இழை பரவி முழுக்க வெள்ளையாகி, முளை வர இன்னும் வெட்டாத பை நல்ல பிள்ளை. வாயை அடைத்த பஞ்சைக் கழற்றாமல், இருட்டில் ஒரு கிழமை அப்படியே கிடக்கும். வெட்டி ஒரு தரம் பறித்த பைகளில் அடுத்த முளை வர ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், பயணத்தை அந்த இடைவெளிக்குள் வைப்பது நல்லது. நெருப்புக்குச்சித் தலை அளவில் முளை எட்டிப் பார்த்திருந்தால் மூன்று நாலு நாளில் குடை விரிந்து, நீங்கள் திரும்பும்போது ஓரம் சுருண்டு கிடக்கும். பறிக்கக் கூடியதைப் புறப்படுகிற காலையே பறித்துவிடுங்கள், பொடி முளையை நட்டக் கணக்கில் எழுதுங்கள். புறப்படுமுன் புதிதாக எந்தப் பையையும் வெட்டக் கூடாது.

இனிக் கொட்டில். தகரத்துக்கு மேல் அரை அடி இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது இலுக்குப் புல் வேய்ந்தாலே மத்தியானச் சூடு கணிசமாகக் குறையும். தகரத்தோடு ஒட்ட வேய்ந்தால் பலன் குறைவு, இடையில் காற்று ஓட வேண்டும். முகட்டுக்குக் கீழே சூடு வெளியேற ஒரு வழி விட்டு நுளம்பு வலை அடியுங்கள்.

சோளகம் வறண்ட காற்று. வன்னிக்கு அது தொல்லை, காளான்காரருக்கு அதுவே மருந்து. காற்று 34 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 50 என்றால், நனைந்த சாக்கைத் தாண்டி வருகிற காற்று, தண்ணி ஆவியாவதால், ஆகக் குறைந்தது 25, 26 வரை இறங்க முடியும். கொட்டிலில் நடைமுறையில் 28, 29 கிடைத்தால் போதும். மாரியில் இந்த வித்தை எடுபடாது, அப்போது தேவையும் இல்லை.

காற்று வருகிற தெற்கு, தென்மேற்குப் பக்கத்தில் சணல் சாக்கை இரட்டையாகத் தொங்கவிடுங்கள். உரப்பை தண்ணி பிடிக்காது. சாக்கின் மேல் விளிம்பு நெடுக, தோட்டத்துக்குப் போடுகிற சொட்டுக் குழாயைக் கட்டுங்கள். 200 லீற்றர் பரலை ஒரு மீற்றர் உயரத்தில் வைத்து அதோடு இணையுங்கள். இரவு பகலாக ஓடினால் நாலு நாளுக்கு மணிக்கு 2 லீற்றர்தான் கிடைக்கும். காலை 9 முதல் பின்னேரம் 5 வரை மட்டும் ஓடினால் மணிக்கு 6 லீற்றர், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர். ஒரு போத்தலைப் பிடித்து அளந்து பாருங்கள். பகலில் மட்டும் ஓடவிட ரைமர் வேண்டும். கடையில் கிடைக்கிற பற்றரி ரைமர்களில் பல குழாய் அமுக்கத்தை நம்பித் திறப்பவை. ஒரு மீற்றர் உயரத்துப் பரல் தருவது 0.1 பார்தான், அவை அசையாது. உள்ளே பந்து சுழன்று திறக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேத்திலில் வெள்ளைப் படை படிகிற கிணற்றுத் தண்ணியென்றால் பனிபோலத் தெளிக்கிற நுண்முனைகளை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஊசித்துளையில் சுண்ணாம்பு படிந்து, நீங்கள் இல்லாத நாளில்தான் அடைக்கும். சொட்டுக் குழாயும் அடைக்கும், ஆனால் ஒரு துளை போனாலும் மற்றவை ஓடும். பரல் வாயில் ஒரு துண்டுப் பஞ்சு வடியாக வையுங்கள்.

விசிறி கட்டாயமில்லை. வைப்பதென்றால் சாக்குக்கு எதிர்ப்பக்கம், காற்றை வெளியே இழுக்கிறமாதிரி. 12 வோல்ற் விசிறியைச் சோலர் பலகையோடு இணைத்தால் வெயில் ஏற ஏற அதுவும் வேகமெடுக்கும், கரண்ட் வெட்டும் பிரச்சினையில்லை. ஆனால் அந்தப் பலகை எதையும் இணைக்காதபோது 21 வோல்ற் வரை தரும், நடுவில் வோல்ற்றைக் குறைக்கிற சிறு பலகையைப் போடாவிட்டால் விசிறி எரியக்கூடும். பரலில் தண்ணி தீர்ந்த பிறகும் விசிறி ஓடினால் கொட்டில் கருவாடு காயவைக்கிற இடமாகிவிடும். பரலுக்குள் ஒரு மிதவை ஆளியை விட்டு, தண்ணி இறங்கினால் விசிறியும் நிற்கச் செய்யுங்கள்.

இத்தனையையும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னமே பூட்டி, ஒரு முழுநாள் ஓடவிட்டு, பரலில் எவ்வளவு இறங்கியது என்று கோடு கீறிப் பாருங்கள். நாலு நாளால் பெருக்கி, அதில் அரைவாசியை மேலதிகமாகச் சேருங்கள். பரல் போதாவிட்டால் இரண்டாவது பரல்.

பக்கத்து வீட்டில் ஆரையும் பார்க்கச் சொன்னால் வேலையை ஒன்றாகக் குறையுங்கள்: பரலில் தண்ணி இருக்கிறதா, அவ்வளவுதான். "பாவம், காய்ந்து கிடக்குது" என்று இரக்கப்பட்டுப் பைக்குள் தண்ணி ஊற்றுகிறவர்களால் போகிற பைகள் வெயிலால் போவதை விடக் குறைவில்லை. வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கியை எடுத்துவந்து தெளித்துவிடவும் கூடும், அதையும் முன்னமே சொல்லி வையுங்கள்.

ஈர நிலமும் மரத்தூளும் சேர்ந்தால் கறையான் வரும். தட்டுக்கால்களைப் பழைய ஒயில் ஊற்றிய பேணிக்குள் நிறுத்துங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். புளித்த மணமும் அடியில் மஞ்சள் தண்ணியும் என்றால் பை வெந்துவிட்டது. பச்சைப் புள்ளி விழுந்த பையை உள்ளே வைத்துப் பிரிக்காதீர்கள், கட்டியபடியே தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கள். தண்டு நீண்டு குடை சிறுத்திருந்தால் சூடல்ல, காற்றோட்டம் போதவில்லை, முகட்டு வழியைப் பெரிதாக்குங்கள். காய்ந்த முளையைச் சுரண்டி எடுத்தால் பை அடுத்த தரம் முளைக்கும்.